விதைக்கும் பருவம் எது?
(மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் காலம் பற்றி ஒரு கணக்கு)

நம் சங்கத்தின் சார்பில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடைபெறும் இலவச வகுப்பில் நான் இரசாயனம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே என் காதில் விழும் கேள்விகளுள் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நாள் காலை ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் வந்தார். "தம்பி, பையனை டாக்டருக்குப் படிக்கவைக்க ஆசை. இப்போதே நீட் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா?" என்றார். அன்று மாலையே பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்து, "அண்ணா, பொதுத்தேர்வு முடிந்த பிறகு நீட்டுக்குப் படிக்கத் தொடங்கினால் போதுமா?" என்று கேட்டாள்.

ஒருவர் ஆறு ஆண்டுகள் முந்திக்கொண்டு ஓடுகிறார்; மற்றவரோ ஆறு வாரத்தில் அடைந்துவிட நினைக்கிறார். இருவருக்கும் ஒரே விடை சொல்ல இயலாது. ஆனால் ஒரே கணக்கைப் போட்டுக் காட்டலாம். அந்தக் கணக்கே இக்கட்டுரை. நம் பத்திரிகையைப் படிக்கும் நண்பர்கள் பலருக்கு ஊரிலே தம்பி தங்கையர் இருக்கின்றனர். அவர்களுக்கு வழி சொல்லும் பொறுப்பு நம்மிடந்தான் வருகிறது. ஆதலால் இது நமக்கும் உரிய பாடமே.

இத்தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்பது வேறு வழக்கு. தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுத் தேர்வின்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவ மாணவரைச் சேர்த்துவந்தனர் என்பதும், 2017 முதல் அங்கும் நீட் நடைமுறைக்கு வந்தது என்பதும், 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் விலக்குக் கோரும் மசோதாவை நிறைவேற்றியது என்பதும் யாவரும் அறிந்தவை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், வீட்டிலே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கும் பிள்ளைக்கு நாம் இன்றே ஒரு வழி சொல்லியாக வேண்டும்.

1. எதிரே நிற்பது என்ன?

நீட் தேர்வு 2013-ல் முதன்முறை நடைபெற்றது. நீதிமன்றத் தீர்ப்பினால் இடையிலே நின்று, 2016-ல் மீண்டும் உயிர் பெற்றது. 2019-ல் தேசியத் தேர்வு முகமையின் பொறுப்புக்கு வந்தது. எய்ம்ஸ், ஜிப்மர் ஆகிய நிறுவனங்கள் தனியே நடத்திவந்த தேர்வுகளும் 2020 முதல் இதனுள் அடங்கிவிட்டன.

2025-ல் நடந்த தேர்வின் அமைப்பைப் பார்ப்போம். மொத்தம் 180 வினாக்கள்: பௌதிகத்தில் 45, இரசாயனத்தில் 45, உயிரியலில் 90. நேரம் 3 மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. மொத்தம் 720. ஒவ்வொரு வினாவுக்கும் கொடுக்கப்படும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஓ.எம்.ஆர். தாளில் அதற்குரிய வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. கணக்கையெல்லாம் கையால்தான் போட வேண்டும்.

இந்த அமைப்பிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, வினாத்தாளில் பாதி உயிரியல். இரண்டாவது, வினா ஒன்றுக்குக் கிடைப்பது ஒரே நிமிடம். பௌதிகக் கணக்குக்கு ஒரு நிமிடம் போதாது. ஆகவே உயிரியல் வினாக்களை அரை நிமிடத்தில் முடித்து, மிஞ்சிய நேரத்தைப் பௌதிகத்துக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது. உயிரியலை யோசித்து எழுதுகிறவன் தோற்பான். அதனை நினைவிலிருந்து சட்டென்று எடுக்கிறவன் வெல்வான். மூன்றாவது, தவறான விடை ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பதாகத் தோன்றினாலும், கிடைக்கவேண்டிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு ஐந்து.

போட்டியின் அளவையும் அறிந்துகொள்ளுதல் நல்லது. 2025-ல் தேர்வு எழுதினோர் ஏறத்தாழ 22.09 லட்சம் பேர். 'தகுதி பெற்றோர்' என அறிவிக்கப்பட்டோர் 12.36 லட்சம் பேர். நாடெங்கும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம். அவற்றுள்ளும் ஏறக்குறையப் பாதியே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. அதாவது, தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். 'என் பிள்ளை நீட் தேறிவிட்டான்' என்று மகிழும் பெற்றோர் பலர், தேறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பதை ஜூன் மாதம் முடிவு வந்த பிறகே உணர்கின்றனர்.

2. வேலை எவ்வளவு?

ஒரு வீடு கட்டத் தொடங்குமுன் செங்கல் எத்தனை வேண்டும் என்று கொத்தனார் கணக்குப் போடுகிறார். ஆயிரக்கணக்கான நாழிகைப் படிப்பைத் தொடங்கும் நாமோ அந்தக் கணக்கைப் போடுவதில்லை. 'நிறையப் படிக்கவேண்டும்' என்று பயப்படுகிறோம். எவ்வளவு நிறைய என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தேர்வின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புகளின் பாடங்களைத் தழுவியது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் 2023-ல் சுருக்கப்பட்ட பிறகு அவற்றில் உள்ள பாடங்களை எண்ணினால், உயிரியலில் 19-ம் 13-ம் ஆக 32. பௌதிகத்தில் 14-ம் 14-ம் ஆக 28. இரசாயனத்தில் 9-ம் 10-ம் ஆக 19. மொத்தம் 79 பாடங்கள். இவற்றோடு, சுருக்கிய புத்தகத்தில் இல்லாவிட்டாலும் தேர்வுத் திட்டத்தில் உள்ள சில பகுதிகளும் உண்டு. இரசாயனத்தில் பி தொகுதித் தனிமங்களும், செய்முறை பற்றிய வினாக்களும் அத்தகையன. புத்தகத்தை மட்டும் நம்பி, தேர்வுத் திட்டத்தைப் பார்க்காதவர்கள் இங்கே இடறுகின்றனர்.

இனி என் மதிப்பீடு. நடுத்தரமான ஒரு மாணவனுக்கு உயிரியல் பாடம் ஒன்றுக்கு 8 மணி நேரமும், பௌதிகம், இரசாயனம் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுதல் உட்பட 14 மணி நேரமும் வேண்டும் என்று கொள்வோம். உயிரியலுக்கு 256, பௌதிகத்துக்கு 392, இரசாயனத்துக்கு 266. கூடுதல் பகுதிகளுக்கு 36. ஆக முதல் படிப்புக்கு 950 மணி.

திருப்பிப் படிக்க முதன்முறை இதில் ஐந்தில் ஒரு பங்கும், இரண்டாம் முறை பத்தில் ஒரு பங்கும், கடைசி முறை அதற்கும் குறைவாகவும் ஆகும். மூன்றும் சேர்ந்து 350 மணி. முழு மாதிரித் தேர்வு 30 எழுதவேண்டும். எழுத 3 மணி, செய்த பிழைகளை ஆராய 3 மணி. ஆக 180 மணி. எல்லாம் கூட்டினால் 1,480. முழு எண்ணாக 1,500 மணி என வைத்துக்கொள்வோம்.

இது பள்ளியில் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரம் நீங்கலாக, மாணவன் தானே அமர்ந்து படிக்கும் நேரம். கூர்மையான மாணவனுக்கு இது 1,200 ஆகலாம். அடிப்படை பலமில்லாதவனுக்கு 1,800 ஆகலாம். இரண்டு பாடங்களைப் படித்து முடிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால், தன் எண் எதுவென்று ஒவ்வொருவரும் தாமே கண்டுகொள்ளலாம். பிறர் எண்ணைக் கடன் வாங்கத் தேவையில்லை.

3. பின்னோக்கி எண்ணுவோம்

தேர்வு வழக்கமாக மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுகிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவ்வாறே நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம்.

அ) பதினோராம் வகுப்பின் தொடக்கத்தில், ஜூன் மாதம், ஆரம்பிப்பவனுக்குச் சுமார் 100 வாரங்கள் உள்ளன. பள்ளித் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, பண்டிகை, காய்ச்சல், உறவினர் கல்யாணம் என்று 20 வாரங்களைத் தள்ளினால் 80 வாரங்கள் கைக்கு வரும். 1,500 மணியை 80 ஆல் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 19 மணி. பள்ளி நாள்களில் 2 மணி. சனி, ஞாயிறுகளில் நாலரை மணி. விளையாடவும் உறங்கவும் இடமுண்டு. இது நடக்கக் கூடிய காரியம்.

ஆ) பன்னிரண்டாம் வகுப்பின் ஜூன் மாதம் தொடங்குபவனுக்கு 48 வாரங்கள். அவற்றுள் பொதுத்தேர்வும் செய்முறையும் குறைந்தது 10 வாரங்களை விழுங்கும். மிஞ்சியவை 38. வாரத்துக்குச் சுமார் 40 மணி. அதாவது பள்ளிக்குச் சென்றுவந்த பிறகு நாள்தோறும் ஐந்தே முக்கால் மணி. ஒரு வாரம் செய்யலாம். ஒரு மாதமும் செய்யலாம். முப்பத்தெட்டு வாரம் செய்யவல்லவர் சிலரே. ஆனால் பதினோராம் வகுப்புப் பாடங்களைப் பள்ளியில் ஒழுங்காகப் படித்திருப்பவனுக்குச் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அவன் துணிந்து இறங்கலாம்.

இ) பொதுத்தேர்வு முடிந்த பிறகு தொடங்குபவனுக்கு ஐந்து அல்லது ஆறு வாரங்கள். நாளுக்குப் பத்து மணி படித்தாலும் சுமார் 400 மணிதான் ஆகும். 400 மணி திருப்பிப் படிக்கவும் மாதிரித் தேர்வு எழுதவும் போதும். புதிதாகப் படிக்கப் போதாது. அந்த மாணவியிடம் நான் இதைத்தான் சொன்னேன்: "தங்கச்சி, அந்த ஆறு வாரம் அறுவடைக் காலம். அப்போது போய் விதை தேடக் கூடாது."

ஆகவே, 'எப்போது தொடங்குவது?' என்னும் கேள்விக்குக் கணக்கு தரும் விடை இதுவே: பதினோராம் வகுப்பின் முதல் மாதம். வினாத்தாளில் ஏறக்குறையப் பாதி அந்த வகுப்புப் பாடங்களிலிருந்தே வருகிறது என்பதை நினைத்தால், பதினோராம் வகுப்பை 'ஓய்வு ஆண்டு' என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

4. இன்னும் முன்னே தொடங்கினால் என்ன?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. பட்டம் தப்பினால் பயிர் இல்லை என்பது அதன் ஒரு பொருள். பட்டம் வருமுன் விதைத்தாலும் பயிர் இல்லை என்பது இன்னொரு பொருள். சித்திரையில் விதைத்துவிட்டு, 'நான் மூன்று மாதம் முந்திக்கொண்டேன்' என்று உழவர் எவரும் பெருமை பேசுவதில்லை.

2020-ல் எட்டாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவனை அப்போதே நீட் வகுப்பில் சேர்த்திருந்தால் அவன் தேர்வு எழுதுவது 2025-ல். இடையில் நடந்தவை என்ன? 2021-ல் வினாக்கள் 200 ஆகி, அவற்றுள் 180-க்கு விடை எழுதினால் போதும் என்று விதி மாறிற்று. 2023 நவம்பரில் பாடத்திட்டம் திருத்தப்பட்டுப் பல பகுதிகள் நீங்கின. 2025-ல் மறுபடியும் 180 வினா, எல்லாம் கட்டாயம் என்றாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மனப்பாடம் செய்ததில் ஒரு பகுதி தேர்விலேயே இல்லாமல் போய்விட்டது. செலவழித்த பணமும் விளையாடாத மாலைகளும் திரும்பி வருமா?

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி நிலையங்களுக்கு விடுத்த நெறிமுறைகளில், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சேர்க்கலாகாது என்றும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்னரே சேர்க்கவேண்டும் என்றும், நாளுக்கு 5 மணிக்கு மேல் வகுப்பு நடத்தலாகாது என்றும் கூறியுள்ளது.

அப்படியானால் ஆறாம் வகுப்புப் பையன் சும்மா இருக்கவேண்டுமா? இல்லை. நிலத்தை உழுது வைக்கலாம். எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளில் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். முதலாவது, கணிதம். பின்னங்கள், விகிதம், பத்தின் அடுக்குகள், வரைபடம் பார்த்தல், எளிய திரிகோண கணிதம் ஆகியவை கை படிந்து வரவேண்டும். பௌதிகத்தில் தோற்பவர் பலர் உண்மையில் பௌதிகத்தில் தோற்பதில்லை, 6.6-ஐ 0.04 ஆல் வகுக்கத் தெரியாமல் தோற்கின்றனர். இரண்டாவது, மொழி. ஒரு பத்தியை ஒருமுறை படித்து, 'அல்லாதது எது?' என்னும் சொல்லைத் தவறவிடாமல் பொருள் கொள்ளும் பழக்கம் வேண்டும். மூன்றாவது, ஆர்வம். வெங்காயத் தோலை உருப்பெருக்கியில் பார்த்த பிள்ளைக்குச் செல் என்பது வெறும் சொல் அன்று. இம்மூன்றும் எந்தப் பாடத்திட்ட மாற்றத்தாலும் வீணாகாதவை. பிள்ளை பிற்காலத்தில் மருத்துவத்தை விட்டு வேறு துறைக்குப் போனாலும் உதவுபவை.

5. மறதியின் கணக்கு

முன்னதாகத் தொடங்குபவனுக்கு ஓர் ஆபத்து உண்டு, அதுதான் மறதி. பதினோராம் வகுப்பு ஜூலையில் படித்ததை இருபத்திரண்டு மாதங்கள் கழித்து எழுதவேண்டும்.

ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் என்பார் 1885-ல் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு மறதியை அளந்தார். பொருளற்ற அசைகளை நெட்டுருச் செய்து, பிறகு அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு மணி கழித்து மிச்சம் 44 விழுக்காடு. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து 21 விழுக்காடு. மறதி முதல் நாளிலேயே பெரும் பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது; அதன் பிறகு மெல்லவே அரிக்கிறது.

இதற்கு மாற்று என்ன? 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு ஆராய்ச்சியாளர் மாணவருக்கு உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்துச் சோதித்தனர். ஒரு குழு அதனை நான்கு வேளை படித்தது. மற்றொரு குழு ஒரு வேளை படித்து, மூன்று வேளை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்த குழு நினைவில் வைத்திருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்த குழு 61 விழுக்காடு. திரும்பத் திரும்பப் படிப்பது 'தெரியும்' என்னும் எண்ணத்தைத் தருகிறது. மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதே தெரியவைக்கிறது.

எத்தனை நாள் இடைவெளி விட்டுத் திருப்பவேண்டும் என்பதையும் ஆராய்ந்துள்ளனர். செபெடா முதலியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரம் நினைவிருக்க வேண்டுமானால் அக்காலத்தில் 20 முதல் 40 விழுக்காடும், ஓர் ஆண்டு நினைவிருக்க வேண்டுமானால் 5 முதல் 10 விழுக்காடும் ஏற்ற இடைவெளி. ஓர் ஆண்டுக்கு இது சுமார் மூன்று முதல் ஐந்து வாரம். அதாவது, படித்ததை மாதம் ஒருமுறை தொட்டுவந்தால் ஆண்டு முடிவில் அது கையில் இருக்கும்.

நடைமுறைக்கு எளிய விதி ஒன்று: படித்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தல். பிறகு திறந்து சரிபார்த்தல். உறக்கத்தையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும். 1924-ல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் செய்த சோதனையில், கற்றபின் உறங்கியவர் விழித்திருந்தவரைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தனர். இரவு இரண்டு மணி வரை விழிப்பவன் அன்று படித்ததைத் தானே அழித்துக்கொள்கிறான்.

6. இருபத்துமூன்று மாதத் திட்டம்

பதினோராம் வகுப்பு ஜூன் முதல் மார்ச் வரை: பள்ளியில் பாடம் நடக்கும் வரிசையிலேயே அந்தந்தப் பாடத்தை முடித்தல். பள்ளி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று இரண்டு வண்டியில் ஏறவேண்டியதில்லை. வார இறுதியில் அந்த வாரப் பாடத்தில் 50 வினாக்கள்.

கோடை விடுமுறை: புதுப் பாடம் தொடவேண்டா. பதினோராம் வகுப்பு முழுவதையும் ஒருமுறை திருப்பி, அப்பாடங்களில் மட்டும் 4 தேர்வுகள் எழுதுதல்.

பன்னிரண்டாம் வகுப்பு ஜூன் முதல் டிசம்பர் வரை: புதிய பாடங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் பதினோராம் வகுப்புக்கே உரியது. அந்த நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்கலாகாது. நவம்பர் முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முழுத் தேர்வு. ஜனவரி முடிய 6.

பொதுத்தேர்வுக் காலம்: அதற்கே முழு முயற்சி. நீட்டுக்கு உயிரியலில் அரை மணி மட்டும்.

பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் முதல்: வாரத்துக்கு 4 வீதம் 20 முழுத் தேர்வுகள். 2025-ல் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. சாப்பிட்டபின் கண் சொக்கும் நேரம் அது. ஆகவே மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருமையாக்கியே எழுதிப் பழகவேண்டும்.

விடை தெரியாத வினாவை என்ன செய்வது? நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு வினாவில் ஒன்று சரியாகி 4 கிடைக்கும், மூன்று தவறாகி 3 போகும்; நிகர லாபம் வினாவுக்குக் கால் மதிப்பெண்தான். அதை நம்பி இறங்கவேண்டா. இரண்டு விடைகள் தவறு என உறுதியாகத் தெரிந்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தொடுவதால் சராசரி லாபம் ஒன்றரை. அங்கே துணியலாம்.

7. என் கணக்கு எங்கே தவறியது?

இவ்வளவு சொல்லும் நான் மருத்துவ மாணவன் அல்லன் என்பதை வாசகர் அறிவர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பரில்தான் நீட்டுக்குப் படிக்கத் தொடங்கினேன். தேர்வு 2020 மே 3-ல் நடக்கவேண்டும். கொள்ளைநோயினால் அது ஜூலை 26-க்குத் தள்ளிப்போயிற்று. பிறகு செப்டம்பர் 13-க்குப் போயிற்று. தாமதமாகத் தொடங்கிய எனக்கு நான்கு மாதத்துக்கு மேல் இனாமாகக் கிடைத்தது. 'தெய்வம் துணை நிற்கிறது' என்றாள் என் தாய். ஆனால் அந்த நான்கு மாதத்தில் நான் செய்தது என்ன? படித்த பாடங்களையே மறுபடி மறுபடி படித்தேன். வண்ண மையால் அடிக்கோடிட்டேன். எழுதிய முழு மாதிரித் தேர்வு மூன்றே மூன்று. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று பயந்து தேர்வு எழுதுவதையே தள்ளிப்போட்டேன். முடிவு வந்தது: தகுதி பெற்றேன், இடம் பெறவில்லை.

அடுத்த ஆண்டு வீட்டிலிருந்தே மீண்டும் படித்தேன். அப்போதுதான் பிழைக் குறிப்பேடு ஒன்று தொடங்கினேன். ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே மூன்றில் ஒரு காரணம் எழுதினேன்: 'தெரியாது', 'தெரிந்து மறந்தது', 'வினாவைச் சரியாகப் படிக்கவில்லை'. சில மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது திகைத்தேன். தெரியாமல் போனவை சொற்பம். பாதிக்கு மேல் தெரிந்து மறந்தவை. நான் பற்றாக்குறை என்று எண்ணியது நேரம். உண்மையில் பற்றாக்குறை மறுபார்வை. 2021-ல் மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. எனினும் இடத்துக்குச் சற்றுக் குறைந்தது. இரசாயனப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இன்று அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் என் தந்தை அந்த ஆண்டு வாங்கிய கடன் சென்ற ஆண்டுதான் தீர்ந்தது.

ஆகவே இரண்டாம் முறை எழுத விரும்புவோருக்கு என் யோசனை: முதலில் உங்கள் பிழைகளை மேற்சொன்ன மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை மறதியாலும் அவசரத்தாலும் வந்தவையானால், ஓர் ஆண்டு உழைப்பு பயன் தரும். பள்ளி இல்லாத ஆண்டில் 46 வாரத்துக்கு வாரம் 33 மணி படித்தால் 1,500 மணி நிறைந்துவிடும். பெரும்பாலானவை 'தெரியாது' என்றால், ஓராண்டு போதுமா என்று ஆசிரியரிடம் கலந்து முடிவு செய்யுங்கள். உச்ச வயது வரம்பு 2022-ல் நீங்கிவிட்டது. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காக ஆண்டுகளை அடுக்கிக்கொண்டே போகலாகாது. எத்தனை முறை என்பதை முதல் முறைக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்தல் நலம். அதோடு வேறொரு பட்டப்படிப்புக்கும் விண்ணப்பம் போட்டு வைப்பது கோழைத்தனம் அன்று; விவேகம்.

8. வெளியூர்த் தமிழர் கவனிக்கவேண்டியவை

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியப் பங்கு. மற்ற 85 விழுக்காடு அந்தந்த மாநிலத்துக்கு உரியது. எந்த மாநிலத்துப் பங்கில் நிற்பது என்பதைப் பதினோராம் வகுப்பில் சேருமுன்பே யோசிக்கவேண்டும். டில்லியின் பங்கில் இடம் கேட்போர் 11, 12 இரு வகுப்புகளையும் டில்லிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தகைய விதி உண்டு; ஒன்றைப்போல் ஒன்று இல்லை. 'பத்து முடிந்ததும் பிள்ளையை ஊருக்கு அனுப்பலாமா, இங்கேயே வைத்துக்கொள்ளலாமா?' என்று யோசிக்கும் பெற்றோர், இரு மாநிலக் கையேடுகளையும் வாங்கிப் படித்த பின்னரே முடிவு செய்யவேண்டும். தந்தைக்கு மாற்றல் வரக்கூடிய உத்தியோகமானால் இது இன்னும் முக்கியம்.

அடுத்து மொழி. நீட் 13 மொழிகளில் நடைபெற்றாலும், தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு முதலிய சில இடங்களின் மையங்களில் மட்டுமே தரப்படுகிறது. டில்லியில் எழுதுவோர் ஆங்கிலத்தையோ இந்தியையோ நம்பவேண்டும். எந்த மொழியில் எழுதப் போகிறோமோ அந்த மொழியிலேயே முதல் நாளிலிருந்து கலைச்சொற்களைப் பழகவேண்டும்.

முடிவாக

அந்தத் தந்தையாருக்கு நான் சொன்ன விடை: "ஐயா, இப்போது நீட் வகுப்பு வேண்டாம். பையனுக்குக் கணக்கு நன்றாக வரட்டும், மாலையில் விளையாடட்டும். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் என்னை வந்து பாருங்கள்." அவர் முழு மனத்தோடு போகவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பியிருந்தார்.

அந்தத் தங்கையோ தன் பிழைக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வாரந்தோறும் வருகிறாள். அவளுக்கு நேரம் குறைவு; இந்த ஆண்டு இடம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காவிட்டாலும், அடுத்த ஆண்டு எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் நின்றபோது எனக்கு அது தெரியாதிருந்தது.

நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்கிறீர்கள். வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த தம்பியோ தங்கையோ இருந்தால், ஒரு தாளை எடுத்து அவர்களோடு அமர்ந்து இந்த 1,500 மணிக் கணக்கை அவர்கள் எண்ணில் போட்டுப் பாருங்கள். அச்சம் என்பது அளக்கப்படாத வேலை. அளந்துவிட்டால் அது வெறும் வேலையாகிவிடும், வேலையைச் செய்துவிடலாம்.